சார் இல்லாத வகுப்பு

முப்பத்தாறு வயதில், இரண்டு பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் பெரம்பலூர் கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் பழைய தோழி ஒருத்தி போன் செய்தாள். "சேர்ந்தது சரிடி. முடிச்சியா, பாதியில ஓடியாந்துட்டியா?" என்று கேட்டாள்.

ஓடியிருக்க வேண்டியவள்தான். ஆனால் எனக்கு முன்னால் எங்கள் சார் ஓடிவிட்டார்.

அது ஒரு திங்கட்கிழமை. பிரபாகர் சாருக்குச் சிறுவாச்சூர். திங்களும் வெள்ளியும் அங்கே கோவில் கூட்டம் என்பதால், அந்த இரண்டு நாளும் அவர் பஸ்ஸில் நசுங்கித் தாமதமாகத்தான் வருவார். வந்ததும் பையை மேசையில் வைத்துவிட்டு, முந்தின வகுப்பில் நடத்தியதை யாரிடமாவது கேட்பார். அன்று பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. எனக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சுருக்கு. வர்ற வாரமே சேரச் சொல்லிட்டாங்க" என்றார்.

நாங்கள் முதலில் கை தட்டினோம். சந்தோஷமான செய்திதானே. தட்டி முடித்த பிறகுதான் எங்கள் நிலைமை எங்களுக்கு உறைத்தது. முன் வரிசையில் இருந்த கவிதா எழுந்து, "அப்ப எங்களுக்கு யாரு சார்?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்த்தார் என்று இன்று வரை தெரியாது. அறையில் நான்தான் மூத்தவள் என்பதாலா, அவரை விடப் பன்னிரண்டு வயது பெரியவள் என்பதாலா? நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை 'அக்கா' என்பார். "சொல்லுங்கக்கா, இந்த வரி எதுக்கு?" என்று கேட்டு, நான் உளறுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

அன்று தோளில் இருந்த பையோடு அப்படியே கிளம்பிப் போனார்.

பாதிக் கிணறு

நாங்கள் படித்தது இணையதளங்களும் ஆப்களும் செய்கிற வேலை. கண்ணுக்குத் தெரியும் பக்கங்களை வடிவமைப்பது முதல் பாதி. பக்கத்துக்குப் பின்னால் தகவலைச் சேர்த்து வைப்பதும், எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றி ஊரே பயன்படுத்தும்படி ஓட விடுவதும் இரண்டாவது பாதி. எங்களுக்கு முதல் பாதி முடிந்திருந்தது. சம்பளம் வாங்கித் தருவது இரண்டாவது பாதி.

கிளவுட் என்ற சொல் எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் பெரிய வேடிக்கையாக இருந்தது. என் கணவர் அந்தோணிக்குச் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. உடம்பெல்லாம் சாம்பல் பூத்து வந்து நிற்பவர், "நான் மண்ணைத் தின்னுட்டு வரேன், நீ மேகத்துல வேலை பாக்கப் போறியா?" என்று சிரிப்பார். மேகமும் இல்லை ஒன்றும் இல்லை, எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் வரிசையாக வைத்திருக்கிற கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்று நான் சொன்னேன். "அப்ப வாடகை வூடுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார். அதை விடத் தெளிவான விளக்கம் பாடத்தில்கூட இல்லை.

சார் போன பிறகு மையத்தின் நிர்வாகி வந்தார். "வேற ஆளு தேடிக்கிட்டு இருக்கோம். கிடைக்கிற வரைக்கும் ரூம் திறந்திருக்கும். வர்றவங்க வந்து பழகிக்கங்க" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலை தெரிந்தவர் யாரும் பெரம்பலூரில் உட்கார்ந்திருக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மாசி மாதம் திருச்சியிலிருந்து ஒரு கம்பெனி எங்கள் மையத்துக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அதுவரை காத்திருந்தால் பாதிப் படிப்போடுதான் போய் நிற்க வேண்டும்.

மறுநாள் பாதிப் பேர் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் சிலர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர்கள் ஒன்பது பேர்.

ஏழாம் வகுப்புக் கணக்கு

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு நான் எங்கள் ஊரான வரதராஜன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். காலையில் மாதா கோவில் பூசை முடிந்து, நனைந்த தலையோடு அப்படியே பள்ளிக்கு ஓடுவேன். சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்பைக் கொடுத்தார்கள். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவள். ஏழாம் வகுப்பு என்ன பிரமாதம் என்று புத்தகத்தைக்கூடப் புரட்டாமல் போனேன்.

பின்னங்களை வகுப்பது பாடம். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "எதுக்கு டீச்சர் தலைகீழா போடணும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடம் போட்டிருக்கிறேன், பரீட்சையில் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன், ஏன் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு கொய்யாப் பழத்தை வெட்டி வைத்துக்கொண்டு அந்த விஷயத்தை எனக்கு நானே புரியவைத்தேன். பிறகு அந்தப் பள்ளியில் இருந்த வருடங்களில் நான் கற்ற கணக்கு, கல்லூரியில் கற்றதை விட அதிகம். இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் வந்தால்தான் என் மண்டைக்குள் எதுவும் ஒழுங்காக உட்காரும்.

சார் இல்லாத அந்த அறையில், ஃபேன் சத்தத்தில், ஆளுக்கு ஒரு செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எட்டுப் பேரைப் பார்த்தபோது அந்தக் கொய்யாப் பழம் ஞாபகம் வந்தது.

எழுந்து போய் போர்டைத் துடைத்தேன். மிச்சமிருந்த பாடங்களை வரிசையாக எழுதினேன்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குவோம். வீடியோ பாருங்க, படிங்க, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. உங்க நாள் வரும்போது இங்க வந்து நின்னு மத்தவங்களுக்கு நடத்தணும். தகவலைச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸை நான் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"நடத்தும்போது கேள்வி கேட்டு, பதில் தெரியலன்னா?" என்றாள் கவிதா.

"தெரியலன்னு சொல்லு. மறுநாள் தெரிஞ்சுக்கிட்டு வா."

ஒருவன் எழுந்து போனான்

நவநீதன்தான் எங்களில் கெட்டிக்காரன். இருபத்திரண்டு வயது. சார் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் அவன் திரையில் விடை ஓடிக்கொண்டிருக்கும். அவன் பையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இதுல பாதி எனக்குத் தெரியும். தெரியாதவங்களுக்கு உக்காந்து சொல்லிக்கிட்டிருந்தா என் நேரம்தான் போவும். நான் வூட்டுலயே பாத்துக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்கு வேலை வேண்டும், எங்களைச் சுமக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து? "சரிப்பா, போயிட்டு வா. எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றேன்.

அவன் போனதும் அறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

முதல் வகுப்பு என்னுடையது. காலை பஸ்ஸில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, உதடு அசைய ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நான் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார். வகுப்பில் கவிதா கேட்ட மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "தெரியல, நாளைக்குச் சொல்றேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு போர்டுக்கு வர எவருக்கும் பயம் இருக்கவில்லை.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அப்படித்தான் போயின. சார் இருந்தபோது தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாம் இப்போது சண்டை போட்டார்கள். கூச்சத்தில் பேசவே பேசாத ஒரு பையன், தன் நாளில் போர்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை படம் வரைந்து தள்ளினான். மையத்து நிர்வாகி ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து எங்களுக்கு டீ அனுப்ப ஆரம்பித்தார்.

ஒரே மிஷினுக்கு இரண்டு பேர்

படித்ததை நிஜமாக ஓட்டிப் பார்க்க ஒரு வேலை வேண்டியிருந்தது. கவிதாவுக்கு ஊர் விக்கிரமங்கலம். அவள் அப்பாவிடம் நெல் அறுக்கும் மிஷின் ஒன்று இருந்தது. அறுப்புக் காலத்தில் அவர் போன் ஓயாமல் அடிக்கும். யாருக்கு எந்த நேரம் சொன்னோம் என்று அவருக்கே குழம்பிவிடும். போனிலேயே நேரம் பார்த்து, மிஷினைப் பதிவு செய்துகொள்ள ஒரு தளம் செய்தோம். கிளவுடில் ஏற்றினோம். விக்கிரமங்கலத்தில் ஒருவர் பதிவு செய்ததும், பெரம்பலூரில் எங்கள் திரையில் அவர் பெயர் வந்து நின்றபோது அறையே கத்தியது.

தை மாதம் அறுப்பு தொடங்கியது. ஒரு வாரம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம், எதிர்பாராத மழை வரப்போகிறது என்று டிவியில் சொன்னார்கள். ஊரே ஒரே நேரத்தில் போனை எடுத்தது.

மறுநாள் காலை கவிதா வகுப்புக்கு வராமல் போன் செய்தாள். "அக்கா, மிஷினு ரோட்டுல நிக்குது. ரெண்டு பேரு வந்து நிக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் குடுத்துருக்கு. அப்பா கத்துறாங்க, வாங்கக்கா."

பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்துக்கொண்டிருந்தது. வயல்கள் முழுக்கச் சாய்ந்த கதிர். மிஷின் பக்கத்தில் இரண்டு விவசாயிகள், ஆளுக்கு ஒரு செல்போனைக் காட்டியபடி நின்றார்கள். இரண்டிலும் எங்கள் தளம். இரண்டிலும் அன்று காலை.

கவிதாவின் அப்பா என்னைப் பார்த்ததும், "டீச்சரம்மா, கம்ப்யூட்டரு தப்பு பண்ணாதுன்னு இந்தப் புள்ள சொல்லிச்சு. இப்ப நான் யாருக்குப் பதில் சொல்றது?" என்றார்.

"தப்பு எங்களதுதாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுத்தியிருக்காங்க, அது புரியாம ரெண்டு பேருக்கும் குடுத்துருச்சு. அதை நாங்க சரி பண்ணிடுவோம். இன்னைக்கு யாருக்கு அவசரம்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

இருவரில் மெலிந்தவராக இருந்தவர் வானத்தைப் பார்த்தார். எதிரே நின்றவரின் வயலைப் பார்த்தார். "அவருது பள்ளம், தண்ணி நின்னா முளைச்சுப் போயிடும். என்னுது மேடு, கொஞ்சம் தாங்கும். அவருக்கு மொதல்ல அறுங்க. முடிச்ச கையோட எனக்கு வந்துடணும், சாப்புட போறேன் அது இதுன்னு டிரைவர் இறங்கக் கூடாது" என்றார்.

டிரைவர் இறங்கவில்லை. கவிதாவின் அம்மா சோற்றுப் பொட்டலத்தை வரப்பிலிருந்தே மேலே நீட்டினார். இரண்டாவது வயலும் முடிந்து, நெல்லுக்கு மேல் தார்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. மெலிந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "சரி பண்ணிடுங்கம்மா. ஆனா நிறுத்திப்புடாதீங்க, வசதியாத்தான் இருக்கு" என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது ஈரப் புடவையோடு நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

"அது அப்படித்தான்"

காரணம் எங்களுக்குப் புரிந்தது. ஒருவர் பதிவு செய்யும்போது, அந்த நேரம் காலியா என்று எங்கள் நிரல் முதலில் பார்க்கும், பிறகு பெயரை எழுதும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் கண்ணிமைப்பதற்கும் குறைவான ஒரு இடைவெளி. அதற்குள் இன்னொருவர் நுழைந்தால் அவருக்கும் காலி என்றே தெரியும். இடைவெளியை எப்படி அடைப்பது என்றுதான் தெரியவில்லை.

கவிதாவே நவநீதனுக்குப் போன் செய்தாள். "தெரியும் தெரியும்னு சொல்லுவல்ல, வந்து காட்டு" என்றாளாம்.

வந்தான். நின்றபடியே எங்கள் நிரலைப் படித்தான். கீபோர்டை இழுத்துச் சில வரிகள் அடித்தான். "இப்ப பாருங்க" என்றான். எல்லாரும் போனை எடுத்து, நான் "ம்" என்றதும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். ஒருத்திக்கு மட்டும் இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு வேறு நேரம் பார்க்கச் சொல்லி வந்தது. மறுபடி அழுத்தினோம், மறுபடியும் அதேதான்.

நவநீதன் கிளம்பினான். கவிதா விடவில்லை.

"என்ன பண்ணுன?"

"லாக் போட்டேன்."

"அப்டின்னா?"

"ஒருத்தர் உள்ள இருக்கிறப்ப இன்னொருத்தர் வர முடியாது."

"அதை ஏன் அந்த இடத்துல போட்ட? மேல போட்டா என்ன?"

போர்டில் ஒரு கட்டம் வரைந்து அழித்தான். கடைசியில், "அது அப்டித்தான்" என்றான்.

"அப்டித்தான்னு எங்கப்பாட்ட போயி சொல்லவா?" என்றாள் கவிதா. அறை சிரித்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் மறுநாள் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. போர்டுக்கு மட்டும் வர மறுத்தான். அவன் அடித்த வரிகளை நாங்களே பிரித்துப் பார்த்து, லாக் ஏன் அந்த இடத்தில் என்று போர்டில் வரைந்து புரிந்துகொண்டோம்.

திருச்சிக்காரர்கள்

மாசியில் சொன்னபடி கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். என் முறை வந்தது. எதிரே இருந்த பெண் என் விவரங்களைப் பார்த்துவிட்டு, "நடுவுல இத்தனை வருஷம் வேலையில்லாம இருந்திருக்கீங்களே?" என்று கேட்டார்.

"வேலை இருந்துச்சுங்க, சம்பளம் இல்ல. ரெண்டு பிள்ளைங்களை வளர்த்தேன்."

"எங்க டீம் லீடருக்கு இருபத்தஞ்சு வயசு. அவர் சொல்றதைக் கேட்டு நடக்க சங்கடமா இருக்காதா?"

"இருபத்துநாலு வயசுக்காரரை சார்னு கூப்புட்டுத்தான் இதைப் படிச்சேன். எனக்கு ஒரு சங்கடமும் இல்லைங்க, அவருக்கு இல்லாம இருந்தா சரி."

அவர் சிரித்துவிட்டார். செய்ததில் எது சரியாக வரவில்லை என்று கேட்டபோது விக்கிரமங்கலத்துக் கதையை முழுதாகச் சொன்னேன். எப்படிச் சரி செய்தோம் என்பதையும் படம் வரைந்து காட்டினேன். வாரத்தில் ஒரு நாள் திருச்சிக்கு வந்தால் போதும், மற்ற நாள் அரியலூரில் வீட்டிலிருந்தே வேலை என்று முடிவானது.

எங்களில் நான்கு பேரை எடுத்தார்கள். அதில் நவநீதன் இல்லை.

வெளியே டீக்கடையில் அவன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். "குடுத்த வேலையெல்லாம் முடிச்சுட்டேன்க்கா. எல்லாம் ஓடிச்சு. ஏன் இப்டி எழுதுனன்னு கேட்டாங்க. வார்த்தையே வரல" என்றான்.

"அது பழகினா வரும். வா" என்றேன்.

ஒரு மாணவர்

வகுப்பை நாங்கள் நிறுத்தவில்லை. வேலை கிடைத்தவர்களும் சேரும் நாள் வரை வந்து நடத்தினார்கள். மற்றவர்களுக்கும் வேறு வேறு கம்பெனிகளில் வேலை கிடைக்க, ஒவ்வொருவராகப் போனார்கள். கவிதா சென்னைக்கு, கூச்சக்காரப் பையன் கோயம்புத்தூருக்கு. வைகாசியில் பெரம்பலூர் அறையில் மிஞ்சியது நவநீதன் மட்டும். இன்னும் இரண்டு கம்பெனிகள் அதே காரணத்துக்காக அவனைத் திருப்பி அனுப்பியிருந்தன.

எட்டுப் பேரும் பேசி வைத்துக்கொண்டோம். சாயங்காலம் வேலை முடிந்ததும், அவரவர் இருக்கிற ஊரிலிருந்து வீடியோவில் வருவோம். அவன் பெரம்பலூரில் போர்டுக்கு முன்னால் நிற்பான். நாங்கள் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்போம். உலகத்தில் எந்தப் பள்ளியிலும் ஒரு மாணவனுக்கு எட்டு ஆசிரியர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

முதல் சில நாள் பாவமாக இருந்தது. தரையைப் பார்த்து முணுமுணுப்பான். தெரிந்தவர்கள் நாங்கள் என்பதால், பாதி சொல்லும்போதே எங்களுக்குப் புரிந்துவிடும். அவனும் மீதியை விழுங்கிவிடுவான். குறை எங்களிடமும் இருந்தது.

ஒரு நாள் அந்தோணி குளித்துவிட்டு, தோளில் துண்டோடு என் பின்னால் வந்து நின்றார். அவரைப் பிடித்துத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். "நவநீதா, லோடு பேலன்ஸ்னா என்னன்னு அண்ணனுக்குப் புரிய வையி" என்றேன். ஒரே கம்ப்யூட்டரில் எல்லாரும் வந்து விழாமல், வருகிறவர்களைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்து அனுப்புகிற ஏற்பாடு அது.

அவன் பாடப் புத்தகம் மாதிரி ஆரம்பித்தான்.

"தம்பி, ஒண்ணும் விளங்கல. மறுபடி சொல்லு" என்றார் அந்தோணி. மறுபடி சொன்னான். "இப்பவும் விளங்கல" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைத்துக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

நவநீதன் பேச்சை நிறுத்தினான். முதல் முறையாகத் தலை நிமிர்ந்து எதிரே இருப்பவரைப் பார்த்தான்.

"அண்ணே, உங்க ஆலையில சிமெண்ட் மூட்டை ஏத்த லாரி வருமில்ல?"

"வரும். வரிசை கட்டி நிக்கும்."

"எல்லா லாரியும் ஒரே இடத்துல போயி நின்னா?"

"எப்டி நிக்கும்? கேட்டுல ஒருத்தரு இருப்பாரு. எந்த இடம் காலின்னு பாத்து, நீ அங்க போ, நீ இங்க போன்னு அனுப்புவாரு."

"ஒரு இடத்துல மிஷினு ரிப்பேரு ஆயிட்டா?"

"அங்க யாரையும் வுட மாட்டாரு."

"அவர்தாண்ணே லோடு பேலன்சரு. லாரிதான் தளத்துக்கு வர்ற ஜனங்க. ஏத்துற இடம்தான் கம்ப்யூட்டரு."

"அட, இவ்வளவுதானா!" என்று அந்தோணி தொடையில் தட்டினார். "சரி, கேட்டுல நிக்கிறவருக்கே ஒடம்பு முடியாம போயிட்டா?"

எட்டு ஊர்களில் எட்டுப் பேர் மூச்சை நிறுத்திக்கொண்டோம். நல்ல கம்பெனிக்காரர்கள் கேட்கிற கேள்வி அது. நவநீதன் சிரித்தான். போர்டுக்குத் திரும்பி, ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கேட் வரைந்து, பேசிக்கொண்டே போனான். நேரம் போனது அவனுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வேலைக்குக் கிளம்பாத நாளெல்லாம் அந்தோணி அந்த நேரத்துக்குக் குளித்துத் தயாராகிவிடுவார்.

ஆனி மாதம் ஓசூரில் ஒரு கம்பெனி நவநீதனை எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தியை எங்கள் எட்டுப் பேரில் யாருக்கும் அவன் முதலில் சொல்லவில்லை. நான் ஒரு மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த அந்தோணி செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசலில் நின்றார். சிமெண்டுப் புழுதி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரிந்தது. கையில் போன்.

"தம்பி எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணுனான்" என்றார்.